யாராவது எழுந்தால் நிறுத்திவிடுவார்

ஆம்பூர் பைபாஸைத் தாண்டியதும் வலப்பக்கம் தெரிகிற ஷூ கம்பெனி நான் கட்டியது. பேரணாம்பட்டு ரோட்டில் அதற்கு முன்னால் கட்டிய சின்னக் கம்பெனியும் என்னுடையதுதான், இப்போது அதில் ஷூவின் மேல்பாகமான அப்பர் மட்டும் தைக்கிறோம். எங்கள் தெருவில் போர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தது நான். அந்தத் தண்ணீர் உப்பு என்று சொல்கிறவர்களும் அதைத்தான் குடத்தில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்யாண மண்டபம் நான் கட்டியது. எங்கள் அப்பா சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் மிதித்தவர். நான் அஞ்சாங்கிளாசுக்கு மேல் படிக்கவில்லை. முதல் முறை பாங்குக்குப் போனபோது மானேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை, நானாகவே உட்கார்ந்தேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரு மிருதங்கக்காரரைப் பற்றி. அவர் எதையும் கட்டவில்லை. காட்பாடியில் வாடகை வீட்டில் இருந்து, வாடகை வீட்டிலேயே செத்துப்போனார். பெயரைச் சொல்லமாட்டேன். "அப்பா பேர எங்கயும் போடாதீங்க மாமா, அவருக்குப் புடிக்காது" என்று அவர் மகள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டதை மீறுகிற ஆள் நான் இல்லை.

அவரை முதலில் பார்த்தது பஸ்ஸில். அப்போது நான் தோல் பதனிடுகிற தோல்கிடங்கில் கூலி. குளித்துவிட்டு வந்தாலும் எங்கள் மேல் அந்த வாடை போகாது. நான் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் மூக்கைத் துடைப்பது போல் துண்டை எடுப்பான், அடுத்த ஸ்டாப்பில் எழுந்து முன்னால் போய் நிற்பான். அன்றைக்கும் அப்படித்தான், கூட்டமான பஸ்ஸில் என் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. மாதனூரில் ஒல்லியாக ஒருவர் ஏறினார். மார்போடு அணைத்த உறையில் ஏதோ கனமாக வைத்திருந்தார்.

"இங்க யாராச்சும் வராங்களா?" என்றார்.

"யாரும் வரமாட்டாங்க. தோலு வேல செய்றவன். நாத்தம் அடிக்கும், பாத்துக்கோங்க."

"அப்பாடா, இதுக்கும் சேத்து எடம் கெடச்சுது" என்று உட்கார்ந்து, உறையை என் மேல் பாதி, அவர் மேல் பாதியாகச் சாய்த்துக்கொண்டார்.

"இன்னாங்க இது?"

"மிருதங்கம். ரெண்டு பக்கமும் உங்க சரக்குதான்."

வேலூர் போகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. முன்னால் இடம் காலியானபோதும் போகவில்லை. அன்றிலிருந்து அவர் எங்கே வாசித்தாலும் நான் போவேன். ராகம் தெரியாது, தாளம் தெரியாது. அவர் வாசிக்கிறார் என்று போவேன்.

சோளிங்கரில் ஒரு உற்சவக் கச்சேரியில்தான் அவருடைய அந்தக் குணத்தைப் பார்த்தேன். கச்சேரி கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பாட்டு முடிகிற இடத்தில் பாடகர் வாயை மூடிக்கொண்டு மிருதங்கத்துக்கு வழிவிடுவார். அதற்குத் தனி என்று பேர். இரண்டு மணி நேரம் அடுத்தவர் பின்னாலேயே போன மிருதங்கக்காரருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் சொந்தம். ஆனால் ஜனங்களுக்கு அது காபி குடிக்கிற நேரம். ஒருவர் எழுவார், அவரைப் பார்த்து இன்னொருவர் எழுவார். மற்ற மிருதங்கக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் வாசிப்பார்கள். சிலபேர் கோபத்தில் இன்னும் ஓங்கி வாசிப்பார்கள். இவர் அப்படி இல்லை. முதல் ஆள் எழுந்ததும் தனியை முடிக்கிற அடியான முடிவுச் சொல்லைப் போட்டு, பாடகரைப் பார்த்துத் தலையசைத்துவிடுவார். தனி அவ்வளவுதான்.

கீழே இறங்கி டீ குடிக்கும்போது கேட்டேன்.

"இன்னா வாத்தியாரே, இப்பதான ஆரம்பிச்சீங்க? அதுக்குள்ள மூட்டையக் கட்டிட்டீங்க?"

"தூண் பக்கத்துல ஒருத்தர் ஏந்தாரு."

"அவரு பஸ்ஸுக்குப் போறாருங்க!"

"போவட்டும். போறவருக்குப் பின்னால நின்னுக்கினு நாம இன்னாத்துக்குக் கூப்புடணும்?"

"மத்தவங்க குந்திக்கினுதான இருந்தாங்க?"

"அவங்களுக்கும் போவணும்னு இருந்திருக்கும். கூச்சப்பட்டுக்கினு இருந்திருப்பாங்க."

பாடகர்களுக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடிக்கும். தனி சீக்கிரம் முடிந்தால் அவர்களுக்கு இன்னும் இரண்டு பாட்டுக்கு நேரம் கிடைக்கும். "அண்ணா மாதிரி சௌக்கியமான பக்கவாத்தியம் கிடைக்காது" என்று மெச்சுவார்கள். நோட்டீஸில் பேர் விட்டுப்போனாலும் கேட்கமாட்டார். குடியாத்தம், திருப்பத்தூர், ஆரணி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். கூப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அவருக்கு என்ன தெரியும் என்பது தெரியாது.

வானொலியில் தேர்வுக்குப் போனார். அங்கே கேட்கிறவர்கள் கண்ணில் படமாட்டார்களாம், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார்களாம். இந்தத் தடவை தப்பித்தார் என்று நினைத்தேன். ரயிலில் இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"யாரு ஏந்தது?" என்றேன்.

"தெரியலீங்க. நாற்காலி நவுர்ற சத்தம் கேட்டுச்சு."

"பேன் போட ஏந்திருப்பான் வாத்தியாரே!"

"இருக்கும்" என்றார். இரண்டாவது தடவை அவர் போகவில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுக்காமல் கத்திவிட்டேன். "நான் பஸ்ஸுல குந்துனா பக்கத்துல இருக்கறவன் ஏந்து ஓடுவான். அதுக்காக நான் பஸ் ஏறாம இருந்தனா? எவன் ஏந்தா எனக்கு இன்னான்னு குந்திக்கினேன். அப்படித்தான் மேல வந்தேன்."

"நீங்க மொதலாளி. உங்களால முடியும்."

"அப்ப நான் மொதலாளி இல்லியே! கூலி!"

"நீங்க அப்பவே மொதலாளிதாங்க. பஸ்ஸுல பாத்தப்பவே தெரிஞ்சுது" என்று சிரித்தார். அவரோடு சண்டையே போட முடியாது. போட்டால் பாதியில் ஜெயித்துவிடுவோம், ஜெயித்த பிறகு பேஜாராக இருக்கும்.

நான் முதல் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் ஒரு மத்தியானம் காட்பாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். தட்டாமல் வெளியிலேயே நின்றேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு இடது கைப் பக்கம் தொம் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தொம். கதவில் காதை வைத்தேன். அது எங்கள் டிரம். தோல் பதனிடும் இடத்தில் மரத்தால் செய்த பெரிய உருளை இருக்கும். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுற்றவிடுவார்கள். சுற்றும்போது தோல்கள் மேலே ஏறி, மொத்தமாகக் கீழே விழும். அந்தச் சத்தத்திலேயே நான் வளர்ந்தேன். இந்த மனுஷன் அதை இரண்டு கையில் வைத்திருந்தார்.

உள்ளே போய்க் கேட்டேன். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷெட்டுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு இருந்ததாம். குழந்தையாக இருந்தபோது அந்த டிரம் ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம்.

"இது தனிக்காகவே வெச்சிருக்கறது" என்றார். "மெதுவா ஆரம்பிச்சு, டிரம்மு வேகம் புடிச்சு, அப்புறம் கரண்டை நிறுத்தின மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அடங்கணும். அடங்கினப்புறம் ஒண்ணு இருக்கு. டிரம்மு நின்னுட்ட பின்னால உள்ள ஒரு தோலு மட்டும் மேல ஒட்டிக்கினு இருக்கும், பாத்திருப்பீங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கும்போது அது நழுவி விழும். அதுதான் கடைசி."

"அத வாசிச்சுக் காட்டுங்க."

"கச்சேரியில ஒருநாள் வரும். அப்ப கேளுங்க."

எத்தனையோ வருஷம் போயிற்று. ஒரு கச்சேரியிலும் டிரம் வேகம் பிடிக்கும் இடம்வரைகூட அவர் வந்ததில்லை. அதற்கு முன்னாலேயே யாராவது எழுந்துவிடுவார்கள்.

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. என் ஆபீஸில் கொதிக்கிற டீ கிளாஸை வெறும் விரலால் பிடித்துக்கொண்டு ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் பிடுங்கி வைத்தேன். விரல் நுனி சிவந்துபோயிருந்தது. "சூடு தெரியலீங்க" என்றார், ஏதோ நல்ல சேதி போல. என் காரிலேயே வேலூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் வேகத்தைக் குறைக்கலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாள் வாசிக்கலாம் என்று நான் கேட்டேன். "முடியற வரைக்கும் வாசிக்கட்டும்" என்றார்.

அங்கிருந்து காட்பாடிக்குக் கொண்டுபோய் விட்டேன். காரை விட்டு இறங்கும்போது சொன்னார், "அந்த டிரம்மு தனிய ஒரேவாட்டி, ஜனங்க முன்னால முழுசா வாசிச்சிட்டா போதுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"என் மண்டபத்துல வெக்கறேன். எவனாவது ஏந்தான்னா அவன் கால ஒடிக்கிறேன்."

"ஒடிக்காதீங்க. சத்தம் கேட்டா நிறுத்திடுவேன்."

நான் ஒன்றை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மெட்ராஸிலிருந்து பேர் பெற்ற பாடகரைப் பிடித்தேன். மண்டபம் நிறைய என் கம்பெனி ஆட்களையே உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். காபி குடிக்க எழுகிற சங்கீத ரசிகர்கள் ஒருத்தரும் வேண்டாம். சூப்பர்வைசர் பாஷா பாய் தையல் ஹாலில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"தண்ணி, பாத்ரூம் எல்லாம் முன்னாடியே முடிச்சிக்கணும். மிருதங்கம் தனியா வாசிக்கும்போது ஒருத்தரும் ஏந்திரிக்கக் கூடாது. பிரியாணி அப்புறம்தான்."

"பாய், தனியா எப்ப வாசிப்பாங்கன்னு நமக்கு எப்டித் தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பாடறவரு வாய மூடுவாரும்மா. அப்ப."

"புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தா?"

"மடியிலயே போவட்டும். மண்டபம் நம்ம மொதலாளிது, கழுவிக்கலாம்."

கச்சேரி சாயங்காலம் ஆரம்பித்தது. பாடகர் திரைக்குப் பின்னாலிருந்து ஜனங்களைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கச்சேரி கேட்டுப் பழக்கம் உண்டா?" என்றார். "இல்லீங்க. குந்திப் பழக்கம் உண்டு. நாள் பூரா மெஷின்ல குந்தறவங்க" என்றேன். நம் வாத்தியார் விரல்களைச் சூடான துணியால் ஒற்றிக்கொண்டு ஓரமாக இருந்தார். வலது கை மோதிர விரல் அன்றைக்கு அவர் சொன்னபடி கேட்டது.

பாடகர் வாயை மூடினார். தனி ஆரம்பித்தது.

அவர் முதலில் வழக்கம்போலத் தலை குனிந்து வாசித்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து ஹாலைப் பார்த்தார். ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. ஒருவரும் அசையவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவர் நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை இறக்கினார். தொம்.

தோல்கிடங்கில் டிரம் பக்கம் முப்பது வருஷம் நின்றுவிட்டு என் கம்பெனிக்கு வந்த ஒரு கிழவர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்து ஆள் தொடையைத் தட்டி, "டேய், டிரம்முடா" என்றார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டிரம் வேகம் பிடித்தது. தோல் ஏறுகிறது, விழுகிறது, தண்ணீர் சலசலக்கிறது, பெல்ட் கிறீச்சிடுகிறது. எல்லாம் அந்த இரண்டு கையில். சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டிருந்த எங்கள் அப்பாவின் கால் எனக்குத் தெரிந்தது. சரக்கு என்று எழுதி விற்கிறோமே, அதற்கு இப்படி ஒரு சத்தம் இருந்தது என்று மேடையில் வைத்து ஒருவர் சொல்லிவிட்டார். டிரம் கரண்டை நிறுத்தின மாதிரி மெல்ல அடங்க ஆரம்பித்தது.

நான் எழுந்துவிட்டேன்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கை கூப்பிக்கொண்டு நின்றேன். நான் நிற்கும்போது உட்கார்ந்திருக்கிற பழக்கம் என் ஆட்களுக்கு இல்லை. மெஷினில் இருந்தாலொழிய, நான் நின்றால் எல்லாரும் நிற்பார்கள். அது நான் சம்பாதித்த மரியாதை. எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பாஷா பாய், டிரம் கிழவர், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்ட பெண், மண்டபம் முழுக்க எழுந்து நின்றிருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். பார்த்தார். கை தானாகவே மாறிவிட்டது. எல்லாக் கச்சேரியிலும் போடுகிற அதே முடிவுச் சொல்லைப் போட்டு, பாடகரைப் பார்த்துத் தலையசைத்தார். பாடகர் பாட்டைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். பாடகர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கச்சேரி முடிந்து உள்ளே ஓடினேன். அவர் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் வாத்தியாரே நிறுத்திட்டீங்க?"

"எல்லாருமே ஏந்துட்டாங்களே. பசி நேரம்."

"உங்களுக்காகத்தான் ஏந்தோம்! மரியாதைக்கு ஏந்தோம்!"

நாடாவை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா? மரியாதைக்கு ஏந்தா எப்படி இருக்கும்னு நான் பாத்ததில்லீங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது."

அடுத்த மாதமே இன்னொன்று வைக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த மாதம் மோதிர விரல் மரத்துப்போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக. ஒருநாள் என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, நானும் என் சம்சாரமும் மட்டும் கேட்கிறோம், ஏதோ வருகிற மாதிரி வாசியுங்கள் என்றேன். வாசித்தார். கை விழுந்தது, சத்தம் வரவில்லை. வாயாலாவது சொல்லுங்கள், அந்தக் கடைசித் தோல் விழுகிற இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"வாயால சொன்னா அது வெறும் தாளக் கணக்குங்க. கணக்கு யார் வேணா சொல்லலாம். கையில இருந்துது. இப்ப இல்ல."

போன மழைக்காலத்தில் செத்துப்போனார். அந்தத் தனி அவரோடு போய்விட்டது. வேறு ஒருவருக்கும் அது தெரியாது. அதை இனி யாரும் வாசிக்கப்போவதில்லை.

என் சம்சாரம் ஒருமுறை சொன்னாள், "நீ கம்முனு குந்தியிருந்தா அந்த மனுஷன் வாசிச்சு முடிச்சிருப்பாரு." நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியும் என்றால் கேட்டவனுக்குக் காது இல்லை என்று அர்த்தம்.

இப்போது ஒரு சங்கீத சபாவில் மலர் போட்டிருக்கிறார்கள். அதில் அன்றைய போட்டோ வந்திருக்கிறது. மண்டபம் முழுக்க நிற்கிறது. மேடையில் பாடகர் கும்பிடுகிறார், ஓரத்தில் மிருதங்கக்காரர் தலை குனிந்திருக்கிறார். கீழே, பாடகரின் இசையில் மயங்கிய தோல் தொழிலாளர்கள் எழுந்து நின்று அவரைக் கௌரவித்த காட்சி என்று எழுதியிருக்கிறார்கள். செல்போனில் எடுத்த வீடியோவையும் யாரோ நெட்டில் போட்டு அப்படியே எழுதியிருக்கிறான். நாங்கள் எழுந்தபோது பாடகர் வாயே திறக்கவில்லை. வீடியோவைப் பார்த்தாலே தெரியும்.

மலர் போட்டவர்களுக்குப் போன் செய்தேன். "பெரியவரே, யாருக்கு எழுந்தா என்ன, எழுந்தது எழுந்ததுதானே?" என்று ஒரு பையன் கேட்கிறான்.

இல்லை. ஒருத்தருக்காக எழுந்ததை இன்னொருத்தர் கணக்கில் எழுதக்கூடாது. மாற்றிப் போடுங்கள். அந்த மண்டபத்தில் முதலில் எழுந்தவன் நான். மற்றவர்கள் எழுந்தது நான் எழுந்ததால். நான் எழுந்தது மிருதங்கத்துக்காக, போவதற்காக இல்லை. அவர் பேரைப் போடக்கூடாது என்று அவர் மகள் சொல்லிவிட்டாள், சரி. அந்த இடத்தில் என் பேரைப் போடுங்கள்.